மைக் இருக்கிறது, செய்தி சொல்ல அனுமதி இல்லை!

கல்லூரி வாசலில் மாலை 5 மணிக்கு ஒரு விபத்து நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேகமாக வந்த லாரி ஒன்று, வகுப்பு முடிந்து சைக்கிளில் வீடு திரும்பிய மாணவன் மீது மோதிவிடுகிறது. கூட்டம் கூடுகிறது. ஆம்புலன்ஸ் வருகிறது. அந்த இடத்தில் வேகத்தடை வேண்டும் என்று அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் பல மாதங்களாகக் கேட்டு வந்தவர்கள். அவர்கள் கொதித்துப் போய் நிற்கிறார்கள்.

விபத்து நடந்த இடத்தில் இருந்து கூப்பிடு தூரத்தில் கல்லூரியின் சொந்த வானொலி நிலையம் இருக்கிறது. அங்கே மைக் முன்னால் ஒரு மாணவி உட்கார்ந்திருக்கிறாள். நடந்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். கடைக்காரர்களிடம் பேசியிருக்கிறாள். நிருபராக வேண்டும் என்பதற்காகவே அந்தப் படிப்பில் சேர்ந்தவள் அவள்.

அவள் என்ன சொல்லலாம்? "கல்லூரிச் சாலையில் போக்குவரத்து நெரிசல், மாற்று வழியில் செல்லுங்கள்" என்று சொல்லலாம். போக்குவரத்துத் தகவல் என்ற முறையில் அதற்கு அனுமதி உண்டு. ஆனால் நெரிசல் ஏன் ஏற்பட்டது, வேகத்தடை கேட்டவர்களுக்கு அதிகாரிகள் என்ன பதில் சொன்னார்கள் என்று விசாரித்துச் சொல்ல முடியாது. அது செய்தி. கல்லூரி வானொலி சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பக் கூடாது என்பது சட்டம்.

செய்தி சொல்லும் தொழிலுக்கு இளைஞர்களைத் தயார் செய்ய வேண்டிய இடத்தில் செய்திக்கே தடை! நீந்தக் கற்றுக்கொடுப்பதற்காகக் குளம் வெட்டிவிட்டு, தண்ணீர் விட மாட்டோம் என்று சொல்வதுபோல் இருக்கிறது அல்லவா?

கிரிக்கெட்டில் பிறந்த உரிமை

இந்தியாவில் கல்லூரி வானொலி பிறந்த கதை விசித்திரமானது. அதன் வேர் ஒரு கிரிக்கெட் வழக்கில் இருக்கிறது.

1993-ம் ஆண்டு நடந்த ஹீரோ கோப்பை கிரிக்கெட் போட்டியை யார் ஒளிபரப்புவது என்று வங்காள கிரிக்கெட் சங்கத்துக்கும் தூர்தர்ஷனுக்கும் தகராறு ஏற்பட்டது. அது சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 1995-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் தீர்ப்பு வந்தது. வான அலைகள் பொதுமக்களின் சொத்து. சர்க்காரோ தனியாரோ அவற்றைத் தனி உரிமையாக வைத்துக்கொள்ள முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

பொதுமக்களின் சொத்து என்றால் பொதுமக்கள் பயன்படுத்த வழி வேண்டாமா? 2002-ம் ஆண்டு இறுதியில், நன்கு நிலைபெற்ற கல்வி நிறுவனங்கள் சிறு வானொலி நிலையங்கள் அமைத்துக்கொள்ள மத்திய சர்க்கார் விதிகள் வகுத்தது. அந்த விதிகளின் கீழ் முதலில் எழுந்தது தமிழ்நாட்டு நிலையம்தான். 2004-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி, சென்னை கிண்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழகத்தில் 90.4 மெகா ஹெர்ட்ஸ் அலைவரிசையில் 'அண்ணா எப்.எம்.' தொடங்கியது. அப்போதைய துணைப் பிரதமர் அத்வானி அதைத் தொடங்கி வைத்தார். நாட்டின் முதல் கல்லூரி வளாக சமுதாய வானொலி அதுவே.

அடுத்த ஆண்டே சென்னை எம்.ஓ.பி. வைஷ்ணவ மகளிர் கல்லூரியின் நிலையம் வந்தது. திருச்சியிலும் கோவையிலும் புதுச்சேரியிலும் கல்வி நிறுவனங்கள் நிலையங்கள் திறந்தன. 2006-ம் ஆண்டு விதிகளைத் தளர்த்தி, சேவை நிறுவனங்களும் இதில் இறங்க இடம் கொடுத்தார்கள். 2024-ம் ஆண்டு வாக்கில் நாட்டில் இத்தகைய நிலையங்கள் ஏறக்குறைய 500 இருந்தன.

இவை சிறிய நிலையங்கள். ஒலிபரப்புச் சக்தி 100 வாட் அளவுதான். சுற்றுவட்டாரத்தில் சுமார் 10 கிலோ மீட்டர் தாண்டினால் சத்தம் தேய்ந்துவிடும். ஆனால் சிறிது என்பதே இதன் சிறப்பு. கேட்பவர் பக்கத்துத் தெருக்காரர். தவறாக ஏதாவது சொல்லிவிட்டால் மறுநாள் டீக்கடையில் நிறுத்திக் கேட்டுவிடுவார். புதிதாகத் தொழில் பழகுகிறவனுக்கு இதைவிட நல்ல பரீட்சை வேறு என்ன இருக்கிறது?

காதுக்கு எழுதும் கலை

செய்தித் தடை ஒருபுறம் இருக்கட்டும். தடை இருந்தாலும் கல்லூரி வானொலியில் மாணவர்கள் கற்றுக்கொள்வது கொஞ்சமல்ல.

முதல் பாடம், எழுத்து. கண்ணுக்கு எழுதுவது வேறு, காதுக்கு எழுதுவது வேறு. பத்திரிகை வாசகருக்கு ஒரு வாக்கியம் புரியாவிட்டால் திரும்பப் படித்துக்கொள்வார். வானொலி நேயருக்கு அந்த வசதி இல்லை. போன சொல் போனதுதான்.

தமிழில் இந்தச் சங்கடம் இன்னும் அதிகம். தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. என்ன நடந்தது என்று தெரிய, கேட்பவர் கடைசி வரை காத்திருக்க வேண்டும். "நேற்று மாலை பெய்த பலத்த மழையால் ஏரி உடைந்து வெள்ளம் புகுந்ததில் வீடுகளை இழந்து பள்ளிக்கூடத்தில் தங்கவைக்கப்பட்டுள்ள 40 குடும்பங்களுக்கு அரிசி வழங்கப்பட்டது" என்று தாளில் எழுதலாம். அதையே காற்றில் விட்டால் கேட்பவர் பாதி வழியில் தவித்துப் போவார். மழையைப் பற்றிப் பேசுகிறார்களா, ஏரியைப் பற்றியா, அரிசியைப் பற்றியா என்று அவருக்கு விளங்காது.

காதுக்கு எழுதத் தெரிந்தவன் இதை மூன்றாக உடைப்பான். "40 குடும்பங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கின்றன. நேற்றைய மழையில் ஏரி உடைந்து அவர்கள் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்துவிட்டது. இன்று அவர்களுக்கு அரிசி வழங்கினார்கள்." அவ்வளவுதான். செய்தி அதே செய்தி. ஆனால் அடுப்படியில் வேலையாக இருக்கும் பெண்மணியின் காதிலும் அது விழும், மனத்திலும் நிற்கும்.

இந்த வித்தையைப் புத்தகம் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது. எழுதியதை உரக்கப் படித்து, மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை வெட்டி, மறுபடி படித்துத்தான் கற்க வேண்டும். வாரம் ஒரு முறை மைக் முன்னால் உட்காரும் மாணவனுக்கு இது இரண்டு பருவத்தில் கைவந்துவிடும். மூன்று ஆண்டு பாடப் புத்தகம் மட்டும் படித்தவன் வேலைக்குப் போன பிறகுதான் தொடங்குவான்.

இரண்டாவது பாடம், கடிகாரம். நிகழ்ச்சி 6 மணிக்கு என்றால் 6 மணிதான். 6 மணி 1 நிமிடம் அல்ல. விருந்தினர் வரவில்லை, பதிவு கெட்டுவிட்டது என்ற சாக்குப்போக்கு எதுவும் செல்லாது. காற்றில் மௌனம் போனால் நிலையம் செத்துவிட்டதாகவே நேயர் எண்ணுவார். தேர்வுத் தாளைத் தாமதமாகக் கொடுத்துப் பழகிய மாணவர்கள், நிலையத்தில் ஒரே மாதத்தில் கடிகாரத்துக்குப் பயப்படக் கற்றுக்கொள்கிறார்கள்.

மூன்றாவது பாடம், ஒரே ஆள் எல்லா வேலையும் செய்வது. பெரிய நிலையங்களில் பேசுகிறவர் ஒருவர். பதிவு செய்கிறவர் ஒருவர். வெட்டி ஒட்டுகிறவர் இன்னொருவர். கல்லூரி நிலையத்தில் எல்லாவற்றையும் மாணவனே செய்தாக வேண்டும். வெளியே பேட்டி எடுக்கும்போது காற்று மைக்கில் மோதி இரைச்சலாகப் பதிந்துவிடும். மின்விசிறியின் சத்தம் பேச்சை விழுங்கிவிடும். வீணாய்ப்போன இரண்டு பேட்டிகளுக்குப் பிறகு, சுவர் ஓரமாக நின்று பதிவு செய்ய வேண்டும் என்று தானாகத் தெரிந்துவிடும். இன்று டெலிவிஷன் நிறுவனங்களும் கேமராவைத் தானே பிடித்து, தானே வெட்டி, தானே பேசும் நிருபர்களைத்தான் தேடுகின்றன. ஆகவே இந்தப் பயிற்சிக்கு வேலைச் சந்தையில் நல்ல விலை உண்டு.

எல்லாவற்றிலும் பெரிய பாடம், பிறர் பேசுவதைக் கேட்பது. சமுதாய வானொலி நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கோடு தயாராக வேண்டும் என்பது விதி. இதற்காக மாணவர்கள் மீனவர் குப்பத்துக்கும், துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்புக்கும், சந்தைக்கும் போக வேண்டியிருக்கிறது. வகுப்பறைத் தமிழில் கேள்வி கேட்டால் அங்கே பதில் வராது. "தங்கள் வாழ்வாதாரம் எவ்வாறு பாதிக்கப்பட்டது?" என்று கேட்டால் மீனவர் விழிப்பார். "இந்த வாரம் கடலுக்குப் போனீங்களா, அண்ணே?" என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவார்.

ரேடியோ நெல்

மக்கள் மொழியில் பேசும் வானொலிக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1960-களில் 'ஆடுதுறை 27' என்ற புதிய நெல் ரகம் வந்தபோது, திருச்சி வானொலியின் விவசாய ஒலிபரப்பு அதைத் தஞ்சை விவசாயிகளுக்கு எடுத்துச் சொன்னது. விவசாயிகள் அந்த நெல்லுக்கு வைத்த பெயரே 'ரேடியோ நெல்'! விஞ்ஞானிகள் வைத்த பெயர் ஏட்டில் இருந்தது. வானொலி கொடுத்த பெயர் வயலில் இருந்தது.

ஆபத்துக் காலத்திலும் சிறிய வானொலியின் அருமை தெரிந்திருக்கிறது. 2015-ம் ஆண்டு இறுதியில் பெருவெள்ளம் வந்து கடலூர் மாவட்டம் தத்தளித்தபோது, 'பேரிடர் கால வானொலி' என்ற பெயரில் ஒரு தற்காலிக நிலையம் அங்கே அமைந்தது. நிவாரணம் எங்கே கிடைக்கும், தண்ணீரை எப்படிக் காய்ச்சிக் குடிக்க வேண்டும் என்பது போன்ற தகவல்கள்தான் அத்தகைய நேரத்தில் மக்களுக்குத் தேவை. உள்ளூர்க் குரல் சொன்னால் மக்கள் நம்புகிறார்கள்.

வெள்ளம் வடியும்வரை இப்படிப் பேசலாம். வடிந்த பிறகு, "ஏரிக் கரையை ஏன் முன்கூட்டியே பலப்படுத்தவில்லை?" என்று கேட்டால்? அங்கேதான் பூட்டு விழுகிறது.

பூட்டும் அதற்குச் சொல்லும் காரணமும்

விதி என்ன சொல்கிறது? சமுதாய வானொலி நிலையங்கள் செய்தியோ நடப்பு அரசியல் நிகழ்ச்சியோ ஒலிபரப்பக் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியேயோ, உள்ளூர் மொழியில் மொழிபெயர்த்தோ அஞ்சல் செய்யலாம். உள்ளூர் விளையாட்டு, வானிலை, போக்குவரத்து, திருவிழா, பரீட்சை முடிவு, வேலைவாய்ப்பு, உள்ளூர் நிர்வாகம் கொடுக்கும் குடிநீர், மின்சாரம் பற்றிய அறிவிப்புகள் ஆகியவை செய்திக் கணக்கில் சேராது. 2024-ம் ஆண்டு திருத்தி வெளியிட்ட விதிகள் விளம்பர நேரத்தை மணிக்கு 12 நிமிடம் வரை உயர்த்தின. ஆனால் செய்திப் பூட்டைத் திறக்கவில்லை.

கவனித்துப் பாருங்கள். நிர்வாகம் கொடுக்கும் அறிவிப்பைப் படிக்கலாம். நிர்வாகத்திடம் கேள்வி கேட்க முடியாது. "நாளை குடிநீர் வராது" என்று சொல்லலாம், "ஏன் வராது?" என்று கேட்க முடியாது. நிருபரின் தொழில் தொடங்கும் இடமே அந்த 'ஏன்' அல்லவா?

சர்க்கார் சொல்லும் காரணங்களையும் தள்ளிவிட முடியாது. நூற்றுக்கணக்கான சிறு நிலையங்களைக் கண்காணிக்க ஏற்பாடு இல்லை. பிரிவினை சக்திகள் புகுந்துவிடலாம். ஒரு வதந்தி கலவரமாகிவிடலாம் என்பது அவர்கள் அச்சம். ஒரு தவறான சொல் ஊரைக் கொளுத்திவிடும் என்பது உண்மைதான்.

ஆனால் இந்த அச்சம் வேறு எவரையும் தடுக்கவில்லையே! டெலிவிஷன் செய்திச் சேனல்கள் இரவும் பகலும் செய்தி சொல்கின்றன. பத்திரிகைகளுக்குத் தடை இல்லை. அதே மாணவி, அதே விபத்தைத் தன் கைப்பேசியில் படம் பிடித்து, விளக்கம் பேசி, யூடியூபில் ஏற்றினால் உலகம் முழுவதும் பார்க்கலாம். அங்கே விதிகள் உண்டு, தடை இல்லை. பேராசிரியர் மேற்பார்வையில், லைசென்ஸ் பெற்ற, முகவரி உள்ள, 10 கிலோ மீட்டர் எட்டும் நிலையத்தில் மட்டும் பேச முடியாது. மேற்பார்வை இல்லாத இடத்தில் சுதந்திரம், மேற்பார்வை உள்ள இடத்தில் தடை என்பது தலைகீழ் நியாயம்.

இந்தத் தடையை எதிர்த்து 2013-ம் ஆண்டு 'காமன் காஸ்' என்ற பொதுநல அமைப்பு சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடர்ந்தது. டெலிவிஷனுக்கு உள்ள உரிமை வானொலிக்கு ஏன் இல்லை என்பது அதன் கேள்வி. 2023-ம் ஆண்டு செப்டம்பர் மாதம், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமே தனியார் எப்.எம். நிலையங்களுக்கு மணிக்கு 10 நிமிடம் செய்தி அனுமதிக்கலாம் என்று சிபாரிசு செய்தது. வியாபாரம் செய்யும் நிலையங்களுக்கு 10 நிமிடம் கொடுக்கலாம் என்றால், பாடம் படிக்கும் நிலையங்களுக்கு 5 நிமிடமாவது கொடுக்கக் கூடாதா?

மரம் வெட்டும் முகாமில் இருந்து மைக் வரை

கல்லூரி வாழ்க்கை ஒரு பெரிய ஒலிபரப்பு நிருபரை எப்படி உருவாக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சரித்திரச் சான்று உண்டு. அவர்தான் எட்வர்டு மர்ரோ.

1908-ம் ஆண்டு ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தவர் அவர். குடும்பம் பிழைப்புத் தேடி நாட்டின் மேற்குக் கோடியில் உள்ள வாஷிங்டன் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. இளமையில் மரம் வெட்டும் முகாம்களில் வேலை செய்து காசு சேர்த்தார். 1926-ம் ஆண்டு புல்மன் என்ற ஊரில் இருந்த வாஷிங்டன் மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, பேச்சுக் கலையைச் சிறப்புப் பாடமாக எடுத்தார். அந்தக் கல்லூரிக்கு 1922-ம் ஆண்டு முதலே சொந்த வானொலி நிலையம் இருந்தது.

ஆனால் மர்ரோவை உருவாக்கியது மைக் மட்டும் அல்ல. கல்லூரி மேடையில் நாடகம் நடித்தார். விவாதங்களில் பேசினார். மாணவர் சங்கத் தலைவர் ஆனார். அகில அமெரிக்க மாணவர் சம்மேளனத்துக்கும் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1930-ம் ஆண்டு பட்டம் பெற்றதும் அந்தச் சம்மேளனத்தின் வேலையாகவே நியூயார்க் போனார். அங்கே வானொலிக்காகச் சொற்பொழிவாளர்களைத் தேடிப்பிடித்துக் கொடுக்கும் பொறுப்பும் அவரிடம் வந்தது. அதே ஆண்டு இறுதியில் அட்லாண்டா நகரில் சம்மேளன மாநாடு நடந்தது. அந்தக் காலத்தில் அங்கே வெள்ளையரும் நீக்ரோ மக்களும் ஒரே ஓட்டலில் கூட முடியாது. மர்ரோ எல்லாப் பிரதிநிதிகளையும் ஏற்பதாக ஓட்டலோடு முன்கூட்டியே ஒப்பந்தம் எழுதிக்கொண்டு, கறுப்பின மாணவர்களையும் மாநாட்டில் அமர்த்திவிட்டார். ஒப்பந்தத்தைப் படிக்கவும், பேரம் பேசவும், நியாயத்துக்காக நிற்கவும் அவர் கற்றுக்கொண்ட இடம் மாணவர் இயக்கம்தான்.

1935-ம் ஆண்டு அவர் சி.பி.எஸ். வானொலி நிறுவனத்தில் சேர்ந்தபோது, பத்திரிகை நிருபராக அவருக்கு எந்த அனுபவமும் இல்லை. 1937-ம் ஆண்டு லண்டனுக்கு அனுப்பப்பட்டார். அங்கே இருந்த அமெரிக்க நிருபர் சங்கம் அவரை உறுப்பினராகச் சேர்க்கவே மறுத்தது. வானொலிக்காரர் நிருபரா என்று கேட்டது. பின்னாளில் அதே சங்கம் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது! இடையில் நடந்தது என்ன? 1938-ம் ஆண்டு ஹிட்லரின் படை ஆஸ்திரியாவில் நுழைந்தபோது வியன்னாவில் இருந்து பேசினார். 1940-ம் ஆண்டு ஜெர்மன் விமானங்கள் லண்டன் மீது குண்டு பொழிந்தபோது, அங்கே இருந்தே அமெரிக்க மக்களுக்கு நிலவரத்தை எடுத்துச் சொன்னார். உலகம் அவர் குரலுக்குக் காத்திருந்தது.

ஆசிரியையின் கடிதம்

இந்தக் கதையில் மறக்கக் கூடாத ஒருவர் உண்டு. கல்லூரியில் மர்ரோவுக்குப் பேச்சுக் கலை கற்பித்த ஆசிரியை ஐடா லூ ஆண்டர்சன். சிறுவயதில் போலியோ தாக்கி முதுகு வளைந்த பெண்மணி அவர். மாணவன் புகழ் பெற்று லண்டனில் இருந்து பேசியபோதும் அவர் பாடம் சொல்வதை நிறுத்தவில்லை. ஒலிபரப்பைத் தொடங்கும் வாசகத்தைச் சுருக்கு. "இது" என்ற முதல் சொல்லுக்குப் பிறகு சற்று நிறுத்து. அதன்பின் "லண்டன்" என்று சொல் என்று யோசனை கூறினார். மர்ரோ அப்படியே செய்தார். அந்தச் சிறு மௌனம் ஒலிபரப்புச் சரித்திரத்தில் இடம்பெற்றுவிட்டது. கேட்டவர்களுக்கு அந்த ஒரு கணத்தில் எரியும் நகரம் கண்முன் வந்தது. ஆசிரியை 1941-ம் ஆண்டு காலமானார்.

1954-ம் ஆண்டு மார்ச் 9-ந் தேதி, மர்ரோ டெலிவிஷனில் தோன்றி, அமெரிக்காவையே மிரட்டிக்கொண்டிருந்த செனட்டர் மக்கார்த்தியின் முறைகேடுகளை அவருடைய பேச்சுகளைக் கொண்டே அம்பலப்படுத்தினார். மாணவர் சங்கத்தில் கற்ற துணிவும், ஆசிரியையிடம் கற்ற அடக்கமான குரலும் அன்று சேர்ந்து வேலை செய்தன.

இதில் இருந்து தெரிவது என்ன? கல்லூரி வானொலி அவசியம். அது மட்டும் போதாது. விவாத மேடை, நாடகம், மாணவர் சங்கம், கண்டிப்பான ஓர் ஆசிரியர் ஆகிய எல்லாம் சேர்ந்தால்தான் நிருபர் உருவாகிறார். மைக் குரலைப் பெரிதாக்கும்; சொல்ல வேண்டியதை அது கொடுக்காது.

இரண்டாவது பூட்டு

டில்லி போட்ட பூட்டைப் பற்றிப் பேசும்போது, கல்லூரிகளே போடும் பூட்டையும் சொல்லத்தான் வேண்டும். நிலையத்தின் லைசென்ஸ் கல்லூரி நிர்வாகத்தின் பெயரில் இருக்கிறது. நாளையே சட்டம் மாறிச் செய்திக்கு அனுமதி வந்தாலும், விடுதிச் சாப்பாட்டைப் பற்றியோ கட்டண உயர்வைப் பற்றியோ மாணவன் செய்தி சொல்ல நிர்வாகம் விடுமா? தலைவர் வருகை, ஆண்டு விழா, பரிசளிப்பு ஆகியவற்றை மட்டுமே பேச வேண்டும் என்றால் அங்கே வளர்வது நிருபர் அல்ல, விளம்பர அதிகாரி.

மாணவர்கள் பக்கமும் குறை உண்டு. சான்றிதழுக்காகப் பெயரைப் பதிவு செய்துவிட்டு, ஒரு நாள் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். சினிமாப் பாட்டுக்கு முன்னும் பின்னும் கலகலப்பாகப் பேசுவதே வானொலி என்று நினைக்கிறவர்களும் உண்டு. அதுவும் ஒரு தொழில்தான். ஆனால் செய்தித் தொழில் வேறு.

இப்போதே செய்யக் கூடியவை

சட்டம் மாறும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகிய நான்கோடு, தண்ணீர் தினமான மார்ச் 22, உள்ளாட்சி தினமான நவம்பர் 1 ஆகிய இரண்டும் 2022-ம் ஆண்டு சேர்க்கப்பட்டன. அங்கே போய் உட்கார்ந்து குறிப்பு எடுக்க எந்தத் தடையும் இல்லை. தீர்மானம் என்ன, யார் எதிர்த்தார்கள், கணக்கு எவ்வளவு என்று எழுதி வந்து, 3 நிமிடச் செய்தியாக்கி வகுப்பில் வாசிக்கலாம். ஒலிபரப்ப முடியாவிட்டாலும் ஆசிரியர் திருத்தலாம். கோர்ட்டு நடவடிக்கை பொதுமக்கள் பார்க்கக் கூடியது; அங்கேயும் போகலாம்.

வெறும் பயிற்சிக்காகத் தயாரித்த செய்தி என்றாலும் அதே கண்டிப்பு வேண்டும். "யார் சொன்னார்? நேரில் பார்த்தாரா? மறுதரப்பைக் கேட்டாயா? பெயரைச் சரிபார்த்தாயா?" என்று நான்கு கேள்விகளுக்கும் பதில் இல்லாத தாள் குப்பைக் கூடைக்குப் போக வேண்டும். இந்தப் பழக்கம் 20 வயதில் ஏறாவிட்டால் 30 வயதில் ஏறாது.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையை ஒலிபரப்புப் படிப்பில் சேர்க்கப் போகும்போது, பளபளப்பான ஸ்டூடியோவைக் காட்டுவார்கள். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். "ஒரு மாணவன் வாரத்தில் எத்தனை மணி நேரம் இந்த மைக் முன்னால் உட்காருகிறான்? அவன் செய்த நிகழ்ச்சியைக் கேட்டுத் தவறு சொல்கிறவர் யார்? ஊருக்குள் போய் எத்தனை பேட்டி எடுத்தான்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் ஸ்டூடியோ பூட்டியே கிடக்கிறது என்று அர்த்தம்.

சர்க்கார் செய்ய வேண்டியதும் பெரிய காரியம் அல்ல. கல்வி நிறுவனங்களின் நிலையங்களுக்கு மட்டும், உள்ளூர்ச் செய்தி என்ற எல்லையோடு, ஒரு நாளைக்குச் சில நிமிடம் சோதனையாக அனுமதிக்கலாம். பொறுப்பான ஓர் ஆசிரியரின் பெயரைப் பதிவு செய்யச் சொல்லலாம். ஒலிபரப்பிய செய்தியின் பதிவைச் சில மாதம் பாதுகாக்கச் சொல்லலாம். தவறு செய்த நிலையத்தின் மீது நடவடிக்கை எடுக்கலாம். அச்சம் தீரும், பயிற்சியும் நடக்கும்.

நாட்டில் இன்று வதந்திக்குப் பஞ்சம் இல்லை. ஒவ்வொரு கைப்பேசியும் ஒரு ஒலிபரப்பு நிலையம் ஆகிவிட்டது. விசாரித்து, சரிபார்த்து, நிதானமாகச் சொல்லத் தெரிந்தவர்களுக்குத்தான் பஞ்சம். அவர்களை உருவாக்கக் கூடிய இடங்கள் பல ஊர்களில் தயாராக இருக்கின்றன. மைக் இருக்கிறது. கோபுரம் இருக்கிறது. ஆர்வத்தோடு மாணவர்களும் இருக்கிறார்கள்.

கல்லூரி வாசலில் நடந்த விபத்தைப் பற்றி அந்த மாணவி ஒரு நாள் தன் நிலையத்திலேயே சொல்ல வேண்டும். கடைக்காரர் கேட்டதையும் அதிகாரி சொன்ன பதிலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு வேகத்தடை வருவதற்கு அது போதுமானதாக இருக்கலாம். மத்திய சர்க்கார் மனம் வைக்குமா?